லவுஞ்ச் அனுமதியும் குடும்பப் பிரயாணமும்

குடும்பத்தோடு விமானப் பிரயாணம் செய்கிறவர்கள், வருஷந்தோறும் ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்கும் உயர்தரக் கிரெடிட் கார்டு ஒன்றை வாங்கிக்கொள்வதற்குச் சொல்லும் காரணங்களுள் முதலாவதாக நிற்பது, அந்தக் கார்டைக் காட்டி விமான நிலைய லவுஞ்சில் இலவசமாகப் பிரவேசிக்கலாம் என்பதே. வெகுமதிப் புள்ளிகள், ஹோட்டல் சலுகைகள், பிரயாண இன்ஷூரன்ஸ் முதலியவையெல்லாம் உட்கார்ந்து கணக்குப் பார்த்தால்தான் புலப்படுகிறவை. லவுஞ்சோ, குளிர்ந்த அறையும் மெத்தை நாற்காலியும் சூடான சிற்றுண்டியுமாகக் கண்ணெதிரே நிற்பது. ஆதலால் அதன் கவர்ச்சி அதிகம். கார்டு விற்க வருகிறவர்களும் அதையே முன்னால் வைத்துப் பேசுகிறார்கள். அந்தச் சௌகரியம் உண்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. தனியாகப் போய்வரும் உத்தியோகஸ்தருக்கு அது எவ்வளவு பிரயோஜனப்படுகிறதோ, அவ்வளவு பிரயோஜனம் மனைவி மக்களோடு புறப்படும் குடும்பஸ்தருக்கும் உண்டா என்பதைத்தான் இந்த அத்தியாயத்தில் சாவகாசமாகப் பரிசீலிக்க வேண்டியிருக்கிறது.

லவுஞ்சு தோன்றி வளர்ந்த வரலாற்றிலேயே இதற்குப் பாதி விடை கிடைத்துவிடுகிறது. நியூயார்க் நகரத்து லகார்டியா விமான நிலையத்தில் 1939-ஆம் ஆண்டு அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனியார் அட்மிரல்ஸ் கிளப் என்ற பெயரில் தங்கள் முதல் ஓய்வுக்கூடத்தைத் திறந்தபோது, தாங்களாகத் தேர்ந்து அழைத்த பிரமுகர்களுக்கு மட்டுமே அதில் இடம் கொடுத்தார்கள். பிறகு 1992-இல் பிரையாரிட்டி பாஸ் என்னும் திட்டம் வந்து, எந்த விமானத்தில் எந்த வகுப்பில் போகிறவரானாலும் சந்தா செலுத்தியிருந்தால் லவுஞ்சில் நுழையலாம் என்று வழி திறந்துவிட்டது. அந்தச் சந்தாவை வங்கிகள் தங்கள் உயர்தரக் கார்டுகளோடு சேர்த்துக் கொடுக்கத் தொடங்கின. இரண்டு காலத்திலும் அமைப்பாளர் மனத்தில் இருந்த பிரயாணி கைப்பெட்டி ஒன்றோடு தனியே வருகிற வியாபாரிதான். ஆள் ஒருவர், கார்டு ஒன்று, பிரவேசம் ஒன்று என்ற அந்தக் கணக்கு இன்றைக்கும் மாறவில்லை. குடும்பம் என்பது அந்தக் கணக்குக்குள் பின்னால் வந்து சேர்ந்தது. அதனால்தான் அது சரியாகப் பொருந்தாமல் நிற்கிறது.

பொருந்தாத இடம் எது என்றால், குழந்தைகள். நம் நாட்டு வங்கிகள் முதன்மைக் கார்டுதாரருக்குக் கொடுக்கும் ஆட்-ஆன் கார்டுகள் பெரும்பாலும் 18 வயது நிரம்பிய உறவினருக்கே உரியவை. மனைவிக்கோ கணவருக்கோ, பெற்றோருக்கோ, வளர்ந்துவிட்ட மகனுக்கோ மகளுக்கோ வாங்கலாமே தவிர, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு வாங்க முடியாது. கைக்குழந்தையைப் பெரும்பாலான லவுஞ்சுகளில் கட்டணமின்றி உள்ளே விட்டுவிடுகிறார்கள். சில இடங்களில் இன்னும் சற்று வளர்ந்த பிள்ளைக்குப் பாதிக் கட்டணமோ விலக்கோ உண்டு. அந்த வயது தாண்டிய பிள்ளை, லவுஞ்சின் பார்வையில் ஒரு முழு விருந்தினர். எட்டு வயதுச் சிறுமி அரை இட்லியும் ஒரு டம்ளர் பழரசமும் உட்கொண்டு எழுந்தாலும், அவள் கணக்கில் எழுதப்படுவது பெரியவர் ஒருவருக்குரிய கட்டணமே. ஆகையால், கார்டின் விளம்பரத்தில் வருஷத்துக்கு இத்தனை பிரவேசம் இலவசம் என்று கண்டதும், அதை நம் வீட்டுத் தலைகளால் வகுத்துப் பார்ப்பது முதல் வேலையாகும்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தகப்பனார், தாயார், ஒன்பதும் ஆறும் வயதான இரண்டு பிள்ளைகள்; சென்னையில் வாசம்; கோடை விடுமுறையில் ஒன்றும் வருஷக் கடைசியில் ஒன்றுமாக இரண்டு உள்நாட்டுப் பிரயாணம். போக வர நான்கு முறை விமானம் ஏறுவதால், லவுஞ்சில் நுழையும் சந்தர்ப்பமும் நான்குதான். கார்டின் ஆண்டுக் கட்டணம் 10,000 ரூபாய் என்றால், அதன்மேல் 18 சதவிகித ஜி.எஸ்.டி. சேர்ந்து 11,800 ரூபாய் ஆகிவிடும். விலை பேசும்போது இந்த வரியை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கணவனும் மனைவியும் ஆளுக்கொரு கார்டைக் காட்டி இலவசமாக நுழைகிறார்கள். பிள்ளைகள் இருவருக்கும் தலைக்கு 1,200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், எட்டுப் பிரவேசத்துக்கு 9,600 ரூபாய். ஆக மொத்தம் 21,400 ரூபாய். இதே குடும்பம் லவுஞ்சுப் பக்கமே போகாமல், விமான நிலையத்துக் கடைகளில் தலைக்கு 400 ரூபாய் வீதம் தாராளமாகச் செலவிட்டுச் சாப்பிட்டாலும், நான்கு தடவைக்கும் சேர்த்து 6,400 ரூபாய்தான் ஆகிறது. கட்டணங்களைச் சற்றுக் கூட்டியும் குறைத்தும் வாசகர் தம் குடும்பத்துக்குத் தகுந்தபடி போட்டுப் பார்க்கலாம். வித்தியாசத்தின் அளவு மாறுமே தவிர, அது எந்தப் பக்கம் சாய்கிறது என்பது அநேகமாக மாறாது.

இங்கே விற்கிறவர்கள் கைக்கொள்ளும் ஒரு கணக்கைப் பற்றி எச்சரிக்க விரும்புகிறேன். லவுஞ்சில் பணம் கொடுத்து நுழைந்தால் ஆளுக்கு இன்ன தொகை, ஆகவே பத்துப் பிரவேசத்தால் நமக்கு லாபம் அதைப்போல் பத்து மடங்கு என்று அவர்கள் கூட்டிக் காட்டுவார்கள். நாம் ஒருபோதும் கைக்காசு கொடுத்து வாங்கியிராத ஒரு பொருளை அதன் பட்டியல் விலைக்கு மதிப்பிட்டு லாபமென்று எழுதிக்கொள்வது நியாயமான கணக்கு ஆகாது. அந்தக் கார்டு இல்லாவிட்டால் அந்த ஒரு மணி நேரத்தில் நம் பையிலிருந்து உண்மையில் எவ்வளவு செலவாகியிருக்கும் என்பதே அதன் மதிப்பு. இந்திய விமான நிலைய ஆணையம் சென்னை விமான நிலையத்தில் 2025 பிப்ரவரியில் உடான் யாத்ரீ கஃபே என்ற மலிவுச் சிற்றுண்டிச் சாலையைத் திறந்தபோது, தேநீரும் தண்ணீர்ப் போத்தலும் 10 ரூபாய், காப்பியும் சமோசாவும் 20 ரூபாய் என்று விலை வைத்தது. அப்படிப்பட்ட கடை ஒன்று இருக்குமிடத்தில் லவுஞ்சுச் சிற்றுண்டியின் மதிப்பு இன்னும் குறைந்துவிடுகிறது. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகும் இட்லிக்கும் புளியோதரைக்கும் பாதுகாப்புச் சோதனையில் தடை கிடையாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

காசுக்கு அடுத்தபடி, நேரம். உள்நாட்டுப் பிரயாணத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக வந்து, பெட்டிகளை ஒப்படைத்து, பிள்ளைகளின் காலணியும் பையும் பொம்மையும் சோதனைத் தட்டில் ஏறி இறங்கி முடிந்தபோது, அநேகமாக ஒரு மணி நேரம் கழிந்திருக்கும். விமானத்தின் வாயில் புறப்பாட்டுக்கு முன்பாகவே அடைபட்டுவிடும். எஞ்சியிருக்கும் அரை மணி, முக்கால் மணியில், விடுமுறைக் காலத்து லவுஞ்சு வாசலில் வரிசையில் நின்று, கார்டைத் தேய்த்து, இடம் தேடி, நான்கு பேரும் சேர்ந்தாற்போல் உட்காரக் காத்திருந்து, பிள்ளைகளுக்குத் தட்டில் பரிமாறிக் கொடுத்து முடிப்பதற்குள் அழைப்பு வந்துவிடும். இதற்காகவே வீட்டிலிருந்து இன்னும் ஒரு மணி நேரம் முன்னதாகப் புறப்படுகிற குடும்பங்களும் உண்டு. பிள்ளைகளின் தூக்கத்திலிருந்து ஒரு மணி நேரத்தை எடுத்து லவுஞ்சுக்குக் கொடுப்பது எனக்கு விவேகமாகப் படவில்லை.

அண்மைக் காலத்தில் வங்கிகள் விதிக்கத் தொடங்கியிருக்கும் நிபந்தனைகளையும் கவனிக்க வேண்டும். கார்டு வைத்திருப்பவர் எல்லாரும் லவுஞ்சுக்கு வந்து கூட்டம் பெருகியதும், அதற்காக வங்கிகள் கொடுக்கவேண்டிய தொகையும் பெருகியது. ஆகவே முந்திய மூன்று மாதத்தில் இவ்வளவு செலவு செய்திருந்தால்தான் இந்த மூன்று மாதத்தில் பிரவேசம் என்ற ஏற்பாடு பரவியது. ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி தன் கார்டுகள் பலவற்றுக்கு 2024 ஏப்ரல் முதல் 35,000 ரூபாய் என்று நிர்ணயித்த அந்த வரம்பை, அதே வருஷம் நவம்பரில் 75,000 ரூபாயாக உயர்த்தியது. குடும்பஸ்தர்கள் இதில் கூர்ந்து நோக்கவேண்டியது தொகையைக் காட்டிலும் காலத்தை. மே மாதப் பிரயாணத்துக்குக் கணக்கில் எடுக்கப்படுவது ஜனவரி முதல் மார்ச் வரையிலான செலவு. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமோ பெரும்பாலும் ஜூன் மாதத்தை ஒட்டி வருகிறது. டிசம்பர் விடுமுறைக்குக் கணக்காகிறவை ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்கள். தீபாவளிச் செலவு அதற்குள் அடங்காது. கோடைப் பிரயாண டிக்கெட்டை மார்ச் முடிவதற்குள் அந்தக் கார்டிலேயே எடுத்துவிடுவது இதற்கு ஒரு நல்ல வழி. லவுஞ்சுக்காக வேண்டாத பொருளை வாங்கி வரம்பை எட்டுவதை நான் ஒருபோதும் சிபாரிசு செய்யமாட்டேன்.

இவை நிலையான சலுகைகள் அல்ல என்பதையும் வாசகர் உணரவேண்டும். வங்கிகளுக்கும் லவுஞ்சுகளுக்கும் நடுவே நின்று இணைப்பு வேலை செய்துவந்த ட்ரீம்ஃபோக்ஸ் என்ற நிறுவனம் 2025 செப்டம்பரில் தன் உள்நாட்டு லவுஞ்சு சேவையை நிறுத்தியபோது, வங்கிகள் வேறு ஏற்பாடுகளுக்கு மாறவேண்டியதாயிற்று. அடுத்த வருஷமும் இதே சௌகரியம் இருக்கும் என்ற உத்தரவாதம் எந்தக் கார்டுக்கும் இல்லை. ஆண்டுக் கட்டணத்தையோ முன்னதாகவே வசூலித்துவிடுகிறார்கள்.

வெளிநாட்டுப் பிரயாணத்தில் கணக்கு இன்னும் கடுமையாகிறது. பிரையாரிட்டி பாஸைக் காட்டிப் பிள்ளைகளை விருந்தினராக அழைத்துச் சென்றால், கட்டணம் டாலரில் எழுதப்படும். தலைக்கு 30 டாலரை ஒட்டி வரும் அந்தத் தொகையின்மேல் வரியும் சேரும். இதில் மிகவும் விசேஷமாகக் கவனிக்கவேண்டியது என்னவென்றால், லவுஞ்சு வாசலில் யாரும் காசு கேட்கமாட்டார்கள்; பெயரும் எண்ணிக்கையும் பதிவாகி, சில வாரங்களுக்குப் பின் மாதாந்தரப் பட்டியலில் அது வந்து நிற்கும். இலவசம் என்று நினைத்துப் பிள்ளைகளோடு நுழைந்து, பின்னர்ப் பட்டியலைக் கண்டு திகைத்தவர்கள் எத்தனையோ பேர். அமெரிக்காவில் குடியேறியிருக்கும் நம்மவர்களுக்கும் இதே போக்குத்தான். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பிளாட்டினம் கார்டுதாரர்கள் சென்சூரியன் லவுஞ்சுக்கு விருந்தினரைக் கட்டணமின்றி அழைத்துப்போன காலம் பெரும்பாலோருக்கு 2023 பிப்ரவரியோடு முடிந்து, பெரியவருக்கு 50 டாலரும் பிள்ளைக்கு 30 டாலரும் என்றாகிவிட்டது.

பிள்ளைகளுக்கு உண்மையில் வேண்டியது லவுஞ்சுதானா என்று ஒரு கணம் யோசித்துப் பார்க்கவேண்டும். லவுஞ்சின் சிறப்பு அமைதி. ஆறு வயதுப் பிள்ளைக்கு அமைதி ஒரு தண்டனை. ஓடக்கூடாது, உரக்கப் பேசக்கூடாது, பக்கத்து மேஜையில் மடிக்கணினியை விரித்திருப்பவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று பெற்றோர் அதட்டிக்கொண்டேயிருக்கிற ஒரு மணி நேரத்தை ஓய்வென்று சொல்ல மனம் வரவில்லை. சிங்கப்பூர்ச் சாங்கி விமான நிலையத்தில் மூன்றாம் முனையத்தில் வண்ணத்துப்பூச்சித் தோட்டம் இருக்கிறது. கட்டணமில்லாத திரைப்பட அரங்கு இருக்கிறது. பிள்ளைகள் ஏறி விளையாட இடங்கள் இருக்கின்றன. ஐந்தரை மணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருக்கும் மாற்றுப் பிரயாணிகளுக்கு, குடிநுழைவு விதிகளுக்கு உட்பட்டு, நகரத்தைச் சுற்றிக் காட்டும் இலவசப் பேருந்தும் உண்டு. சென்னையிலிருந்து அந்த வழியாக ஆஸ்திரேலியாவுக்கோ ஜப்பானுக்கோ போகிற குடும்பம், பிள்ளைக்கு 30 டாலர் கொடுத்து லவுஞ்சில் அடைத்து வைப்பதைக் காட்டிலும், இவற்றுக்கு அழைத்துப் போனால் பிள்ளைகள் ஓடியாடிக் களைத்து அடுத்த விமானத்தில் நன்றாக உறங்குவார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, லவுஞ்சு வீணென்று நான் தள்ளிவிடப் போவதில்லை. அதன் முழுப் பயனையும் பெறத்தக்கவர்கள் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள்; அவர்கள் பிள்ளைகள் அல்லர், முதியவர்கள். எழுபது வயதைக் கடந்த தாய் தந்தையருக்கு விமான நிலையம் மிகுந்த சிரமம் தரும் இடம். நீண்ட நடை, கை வைக்க இடமில்லாத இருக்கை, எங்கே இருக்கிறதென்று தெரியாத கழிப்பறை, அடிக்கடி மாறும் வாயில் எண், சர்க்கரை நோய்க்கு மாத்திரை போட்டுக்கொண்டவர் நேரத்துக்கு உண்ணவேண்டிய அவசியம் ஆகிய இவையெல்லாம் ஒன்றுசேரும்போது, சாய்ந்து உட்கார ஒரு நாற்காலியும், பக்கத்திலேயே சுத்தமான கழிப்பறையும், வெந்நீரும், காரமில்லாத உணவும் ஓரிடத்தில் கிடைப்பது ஆடம்பரம் ஆகாது. முதியவர்கள் பெரும்பாலும் காசு செலவாகுமே என்று பசியையும் தாகத்தையும் வெளியில் சொல்லாதவர்கள். ஏற்கெனவே கட்டணம் செலுத்தியாகிவிட்டது என்றால்தான் நிம்மதியாக உண்பார்கள். ஆட்-ஆன் கார்டு அவர்களுக்குக் கிடைக்கத் தடையுமில்லை, ஏனெனில் அவர்கள் வயது வந்தவர்கள். எச்.டி.எஃப்.சி. வங்கியின் இன்ஃபினியா போன்ற சில உச்சநிலைக் கார்டுகள் ஆட்-ஆன் கார்டுதாரருக்கும் எண்ணிக்கை வரம்பின்றி லவுஞ்சு அனுமதி கொடுத்து வந்திருக்கின்றன. பெற்றோர் வருஷத்துக்கு இரண்டு தடவை வெளியூரில் இருக்கும் மக்களைப் பார்க்கத் தனியாகப் போய்வருகிறவர்கள் என்றால், அப்படிப்பட்ட கார்டின் கட்டணத்தை நான் தயங்காமல் நியாயமென்று சொல்வேன்.

அவ்வாறு வாங்கிக் கொடுக்கிறவர்கள் இரண்டு காரியங்களைச் செய்யவேண்டும். ஆட்-ஆன் கார்டில் ஆகும் செலவுக்கு முதன்மைக் கார்டுதாரரே பொறுப்பாதலால், அதற்கெனத் தனியாக ஒரு சிறு வரம்பை வங்கியின் செயலியில் நிர்ணயித்துவிடுவது பாதுகாப்பு. வீல்சேர் உதவியை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுப் பதிவு செய்துகொண்டு, தள்ளிச்செல்லும் ஊழியரிடம் லவுஞ்சில் விட்டுவிட்டு இன்ன நேரத்தில் திரும்ப வந்து அழைத்துப் போகும்படி முன்னதாகவே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இல்லையேல் அவர் நேரே வாயிலருகே கொண்டுபோய் விட்டுவிடுவார், லவுஞ்சு ஏதோ ஒரு மூலையில் இருந்துவிடும்.

இன்னும் ஒரு நிலைமையில் லவுஞ்சு அருமையானது. நள்ளிரவுக்குப் பின் சென்னையிலிருந்து புறப்பட்டு, வளைகுடா நகரம் ஒன்றில் ஆறேழு மணி நேரம் காத்திருந்து, பிறகு ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ போகும் நெடும் பிரயாணம். அதிலும் இரண்டு பிள்ளைகளோடு தாய் ஒருத்தியே தனியாகப் போகிற பிரயாணம். முகம் கழுவவும், பிள்ளையைப் படுக்க வைக்கவும், பெட்டியைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு சற்றுக் கண்ணயரவும் ஓரிடம் அவளுக்கு வேண்டும். அதற்காக வருஷம் முழுவதற்கும் கட்டணம் செலுத்தவேண்டும் என்பதில்லை. அந்த ஒரு தடவைக்கு மட்டும் நேரடியாகப் பணம் கட்டி இடம் பதிவு செய்துகொள்ளும் வசதி பல லவுஞ்சுகளில் இருக்கிறது. பல லவுஞ்சுகளில் இரண்டு அல்லது மூன்று மணி நேரத்துக்குமேல் தங்க விடமாட்டார்கள் என்பதால், காத்திருப்பின் எந்தப் பகுதியில் நுழைவது என்று யோசித்து நுழையவேண்டும். அடுத்த விமானத்துக்கு முந்திய மூன்று மணி நேரமே பெரும்பாலும் தகுந்தது.

விமானம் தாமதமானால் லவுஞ்சு கைகொடுக்கும் என்று சொல்வதுண்டு. அதில் உண்மையிருந்தாலும், தாமதத்தின்போது நமக்கு உரிமையாகவே கிடைக்கவேண்டியதைப் பலர் அறியாமலிருக்கிறார்கள். சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் விதிப்படி, இரண்டரை மணி நேரம்வரை பறக்கும் உள்நாட்டு விமானம் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்தால், குறித்த நேரத்தில் வந்து சேர்ந்த பிரயாணிகளுக்கு உணவும் சிற்றுண்டியும் கொடுப்பது விமானக் கம்பெனியின் கடமை. அதைவிட நீண்ட, ஐந்து மணி நேரத்துக்கு உட்பட்ட பிரயாணத்துக்கு மூன்று மணி நேரத் தாமதம். பிள்ளைகளுக்கும் சேர்த்தே இது பொருந்தும். கேட்டுப் பெறுவதில் கூச்சம் வேண்டியதில்லை.

கிரெடிட் கார்டுப் பாக்கியை மாதந்தோறும் முழுமையாகக் கட்டிவிடும் பழக்கம் இல்லாத குடும்பத்துக்கு இந்த அத்தியாயம் முழுவதுமே அநாவசியம். பாக்கிக்கு மாதம் மூன்றரைச் சதவிகிதத்தை ஒட்டி விதிக்கப்படும் வட்டி, வருஷத்துக்கு நாற்பது சதவிகிதத்தைத் தாண்டிவிடும். 50,000 ரூபாயை ஆறு மாதம் சுமந்தால் வட்டி மட்டும் 10,000 ரூபாய்க்கு மேல் ஆகிவிடும். அப்படிப்பட்டவர்கள் லவுஞ்சை மறந்து கடனைத் தீர்ப்பதே குடும்பத்துக்கு நல்லது.

ஆக, பள்ளிப் பிராயத்துப் பிள்ளைகளோடு வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை பறக்கிற குடும்பம் லவுஞ்சை முன்னிட்டு உயர்தரக் கார்டு வாங்கவேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். வேறு காரணத்துக்காக ஏற்கெனவே கையில் இருக்கும் கார்டு லவுஞ்சையும் கொடுத்தால் பயன்படுத்திக்கொள்ளட்டும். பயன்படுத்துமுன், புறப்படுவதற்கு ஒரு வாரம் இருக்கும்போதே வங்கியின் செயலியில் எத்தனை பிரவேசம் மீதியிருக்கிறது, நிபந்தனைத் தொகை நிறைவேறியிருக்கிறதா, பிள்ளைகளுக்கு அந்த லவுஞ்சில் என்ன கட்டணம் என்று பார்த்துக்கொள்ளட்டும். போர்டிங் பாஸில் உள்ள பெயரும் கார்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும். மனைவியின் பிரவேசத்துக்குக் கணவரின் கார்டு செல்லாது.

ஏற்கெனவே வாங்கி, ஒரு வருஷம் வைத்திருந்து, பயனில்லையென்று கண்டவர்கள், அடுத்த ஆண்டுக் கட்டணம் பட்டியலில் ஏறுமுன் கார்டை முடித்துவிடலாம். சேர்ந்திருக்கும் புள்ளிகளை முதலில் செலவழித்துவிட்டு, பாக்கி முழுவதையும் செலுத்திய பிறகு, எழுத்து மூலமாகவோ செயலி வழியாகவோ விண்ணப்பிக்கவேண்டும். ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி, பாக்கி இல்லாத கார்டை முடிக்கக் கோரிய நாளிலிருந்து ஏழு வேலை நாட்களுக்குள் வங்கி அதை முடித்தாக வேண்டும். தவறினால், முடிக்கும் வரையில் நாளொன்றுக்கு 500 ரூபாய் வீதம் வாடிக்கையாளருக்குக் கொடுக்கவேண்டும்.